கைப்பேசி நனைந்தால் முதலில் எதை நீக்குவது?



2023 மார்ச் மாதத்தை ஜொகூர்வாசிகள் எளிதில் மறக்க மாட்டார்கள். சிகாமட், பத்து பகாட், குளுவாங், யோங் பெங் எனப் பல இடங்களை வெள்ளம் சூழ்ந்தது. 40,000-க்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேறி, தற்காலிக நிவாரண மையங்களில் தங்கினார்கள்.

வெள்ளம் வடிந்த சில நாட்களில் என் மாணவன் ஒருவன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுடன் என்னைப் பார்க்க வந்தான். டப்பா நிறைய அரிசி. அரிசிக்குள் அவனுடைய அம்மாவின் கைப்பேசி.

“சார், மூன்று நாளாக அரிசியில்தான் இருக்கிறது. இன்னும் உயிர் வரவில்லை” என்றான்.

நடந்ததைக் கேட்டேன். சாமான்களைத் தூக்கி மேலே வைக்கும் அவசரத்தில் கைப்பேசி வெள்ள நீரில் விழுந்திருக்கிறது. அம்மா உடனே எடுத்துத் துடைத்திருக்கிறார். அப்போது திரையில் ஒளி இருந்தது. சித்திக்கு அழைத்துப் பேசியும் இருக்கிறார். நிவாரண மையத்துக்குப் போனதும் பேட்டரி குறைவாக இருக்கிறதே என்று இரவில் சார்ஜரில் போட்டார். விடிந்து பார்த்தால் கைப்பேசி செத்துக் கிடந்தது. அதன் பிறகுதான் அரிசி.

கவனித்தீர்களா? தண்ணீரில் விழுந்தபோது அந்தக் கைப்பேசி சாகவில்லை. தண்ணீரை விட்டு வெளியே வந்து, பல மணி நேரம் கழித்துத்தான் செத்தது. அப்படியென்றால் அதைக் கொன்றது எது? இந்த வாரப் பாடம் அதுதான்.

தண்ணீர் மட்டும் குற்றவாளியா?

“தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும்” என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். ஆனால் முற்றிலும் தூய்மையான நீர் மின்சாரத்தை மிக மிகக் குறைவாகவே கடத்தும். மின்சாரத்தை நீரில் சுமந்து செல்பவை அயனிகள். உப்பு கரையும்போது சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் பிரிந்து நீரில் நடமாடத் தொடங்குகின்றன. அவைதாம் மின்சாரத்துக்கு வாகனம்.

கடல்நீர், மிகத் தூய்மையான நீரைவிட ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது. குழாய் நீர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வெள்ள நீரை நினைத்துப் பாருங்கள். தோட்டத்து உரம், சாக்கடை, சேறு என்று எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டுதான் அது வீட்டுக்குள் நுழைகிறது. அயனிகளுக்குப் பஞ்சமே இல்லை.

ஆகவே, கைப்பேசிக்குள் நுழைவது வெறும் தண்ணீர் இல்லை; உப்புக் கரைசல். வேதியியலில் அதற்கு மின்பகுபொருள் என்று பெயர். அங்கே பேட்டரியும் தயாராகக் காத்திருக்கிறது. இனி நடக்கப்போவது, பாடநூலில் நீங்கள் ‘எலெக்ட்ரோலிசிஸ்’ என்று படிக்கும் மின்பகுப்பு.

கைப்பேசிக்குள் ஒரு மின்பகுப்புக் கலம்

நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். கைப்பேசியின் லித்தியம் அயனி பேட்டரி தருவதோ ஏறத்தாழ 3.7 வோல்ட். மின்பகுப்பு நடக்க இது தாராளம்.

கைப்பேசியின் மின்சுற்றுப் பலகையில் முடியைப் போன்ற மெல்லிய செம்புப் பாதைகள் நெருக்கமாக ஓடுகின்றன. அருகருகே உள்ள இரண்டு பாதைகளின் மேல் ஒரு துளி உப்பு நீர் படிந்தால், ஒன்று நேர்மின்வாயாகவும் மற்றது எதிர்மின்வாயாகவும் ஆகிவிடும். நேர்மின்வாயில் உள்ள செம்பு அணு இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து, செம்பு அயனியாக நீரில் கரைகிறது. எலெக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம் என்று படித்திருப்பீர்கள். கரைந்த அயனிகளில் சில எதிர்மின்வாயை நோக்கி நகர்ந்து, அங்கே எலெக்ட்ரானைப் பெற்று மீண்டும் செம்பாகப் படிகின்றன. அப்படிப் படியும் உலோகம் சில சமயம் மரக்கிளை போல வளர்ந்து அடுத்த பாதையைத் தொட்டுவிடும். தொட்ட கணத்தில் குறுக்குச்சுற்று.

இப்போது அந்த அம்மாவின் கைப்பேசி ஏன் தாமதமாகச் செத்தது என்று புரிகிறதா? ஒரு பாதை கரைந்து அறுந்துபோகவும், இன்னொரு பாதைக்குக் கிளை வளரவும் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரத்தில் கைப்பேசி வேலை செய்வதைப் பார்த்து, நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நாம் ஏமாறுகிறோம்.

எவ்வளவு நேரம் வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1 சென்டிமீட்டர் நீளம், 0.1 மில்லிமீட்டர் அகலம், 0.035 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு செம்புப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு 10 × 0.1 × 0.035 = 0.035 கன மில்லிமீட்டர். ஒரு கன மில்லிமீட்டர் செம்பின் பொருண்மை 8.96 மில்லிகிராம். ஆகவே அந்தப் பாதையில் இருக்கும் செம்பு ஏறத்தாழ 0.31 மில்லிகிராம்தான்.

அதன் வழியே 1 மில்லிஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் கசிவதாக வைத்துக்கொள்வோம். மின்னூட்டம் 0.001 × 3600 = 3.6 கூலோம். ஒரு மோல் செம்பைக் கரைக்க, அதாவது 63.5 கிராமைக் கரைக்க, 193,000 கூலோம் தேவை. அப்படியானால் 3.6 கூலோம் கரைக்கக்கூடிய செம்பு ஏறத்தாழ 1.18 மில்லிகிராம்.

பாதையில் இருப்பது 0.31. கரைக்கும் ஆற்றல் 1.18. கசிகிற மின்சாரம் முழுவதும் செம்பைக் கரைப்பதற்கே போனால், அந்தப் பாதை 16 நிமிடத்தில் காணாமல் போய்விடும். உண்மையில் கொஞ்சம் மின்சாரம் வேறு வினைகளுக்கும் போகும், நேரம் கூடலாம். ஆனாலும் இரவு முழுதும் சார்ஜரில் கிடந்த கைப்பேசிக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

செய்து பாருங்கள்

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் இதைச் செய்யலாம்.

தேவையானவை: இரண்டு முகவைகள், நீர், உப்பு, ஒரே அளவுள்ள நான்கு செம்புக் கம்பித் துண்டுகள், இரண்டு ஏஏ மின்கலங்கள், இணைப்புக் கம்பிகள்.

1. இரண்டு முகவையிலும் ஒரே அளவு நீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள்.
2. ஒவ்வொரு முகவையிலும் இரண்டு செம்புக் கம்பிகளை, ஒன்றையொன்று தொடாமல் நிறுத்துங்கள்.
3. முதல் முகவையின் கம்பிகளை, தொடராக இணைத்த இரண்டு மின்கலங்களோடு இணையுங்கள். இரண்டாம் முகவையை அப்படியே விட்டுவிடுங்கள்.
4. சன்னலைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் கவனியுங்கள்.

முதல் முகவையில், எதிர்முனையோடு இணைந்த கம்பியில் குமிழிகள் எழும். அது ஹைட்ரஜன். நேர்முனையோடு இணைந்த கம்பி பளபளப்பை இழக்கும்; நீர் கலங்கி, நிறமுள்ள படிவு உண்டாகும். இரண்டாம் முகவையின் கம்பிகளிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியாது.

அதே நீர், அதே உப்பு, அதே செம்பு, அதே நேரம். வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: மின்சாரம். செம்பும் உப்பு நீரும் மட்டும் இருந்தால் அரிப்பு நாள்கணக்கில் மெல்ல நடக்கும். மின்சாரமும் சேர்ந்தால் நிமிடக்கணக்கில் நடக்கும்.

பயன்படுத்திய கரைசலை ஆசிரியர் சொல்லும் முறையில் அகற்றி, கையை நன்றாகக் கழுவுங்கள். சாப்பிடும் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. கைப்பேசியின் பேட்டரியையோ வீட்டு மின்சாரத்தையோ வைத்து இதைச் செய்யவே கூடாது.

சரியான வரிசை: மின்சாரம், உப்பு, ஈரம்

இந்தப் பரிசோதனையிலிருந்தே முதலுதவியின் வரிசை கிடைத்துவிடுகிறது. முதலில் மின்சாரத்தை நீக்க வேண்டும். அடுத்து உப்பையும் அழுக்கையும் நீக்க வேண்டும். ஈரம் கடைசியில்தான். நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம்: மின்சாரத்தை விட்டுவிட்டு ஈரத்தைத் துரத்துகிறோம்.

முதலாவது, மின்சாரம். உங்கள் பாதுகாப்பை முதலில் பாருங்கள். சார்ஜரில் இருந்தபடியே கைப்பேசி நனைந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். நீரில் நிற்காமல், ஈரமில்லாத கையால் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிறகு எடுங்கள். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்திருந்தால் பெரியவர்கள் மின்சாரத்தைத் துண்டிக்கும் வரை அருகே போகாதீர்கள்.

எடுத்தவுடன் கைப்பேசியை அணையுங்கள். “வேலை செய்கிறதா பார்க்கலாம்” என்று ஒரு படம் பார்ப்பதோ ஓர் அழைப்பு செய்வதோ வேண்டாம். பாட்டி வைத்திருக்கும் பொத்தான் கைப்பேசி போல, பின்மூடியைத் திறக்க முடிந்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அதுதான் மிகச் சிறந்த முதலுதவி. புதிய கைப்பேசிகளில் அது முடியாது. அவற்றை அணைத்தாலும், பேட்டரியோடு நேரடியாக இணைந்த சில பாதைகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் மீதமுள்ள வேலையையும் தாமதிக்காமல் செய்ய வேண்டும். திரை அசையவில்லை என்றால் பொத்தான்களை மாறி மாறி அழுத்தாதீர்கள். அணைந்த கைப்பேசி மீண்டும் இயங்கிவிடக்கூடும். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கக் கூடிய பழுதுபார்ப்பவரிடம் உடனே கொண்டு போங்கள்.

சிம் அட்டையை எடுத்துத் துடைத்து, இன்னொரு கைப்பேசியில் போடுங்கள். உங்கள் எண் மீண்டும் உயிர்பெறும். வெள்ள நேரத்தில் உறவினரும் மீட்புப் படையினரும் உங்களைத் தேடி அழைப்பது அந்த எண்ணுக்குத்தான்.

இரண்டாவது, உப்பும் அழுக்கும். நனைத்தது எது என்பதைப் பொறுத்து இது மாறும். கைப்பேசி நீர் எதிர்ப்புத் தன்மை உள்ளதாக இருந்து, தெசாரு கடலில் விழுந்தாலோ தே தாரிக் கொட்டினாலோ, அணைத்த பிறகு குழாய் நீரால் மெதுவாக அலசித் துடைக்கலாம். நனைந்த கைப்பேசியை மறுபடியும் நனைப்பதா என்று வியப்பாக இருக்கும். உப்பையும் சர்க்கரையையும் வெளியேற்ற அதுவே வழி. நீர் எதிர்ப்புத் தன்மை இல்லாத கைப்பேசியை வீட்டில் அலசாதீர்கள். பழுதுபார்ப்பவர் அதைத் திறந்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு பலகையைச் சுத்தம் செய்வார். வெள்ள நீரிலும் கடல்நீரிலும் மூழ்கிய கைப்பேசிக்கு, எத்தனை சீக்கிரம் இந்தச் சுத்தம் நடக்கிறதோ அத்தனை நல்லது. வெள்ள நீரில் கிருமிகள் இருக்கும். கைப்பேசியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மூன்றாவது, ஈரம். சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். பலமாக உதறினால் நீர் இன்னும் உள்ளே போகும். துளைக்குள் பஞ்சையோ காகிதத்தையோ திணிக்க வேண்டாம். பிறகு உலர்ந்த இடத்தில் மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். குளிர்சாதன அறை இருந்தால் இன்னும் நல்லது. அங்கே காற்றில் ஈரப்பதம் குறைவு. குறைந்தது ஒரு முழு நாள் காத்திருங்கள். முழுதாக மூழ்கியிருந்தால் இரண்டு நாள். அதுவரை சார்ஜரின் பக்கமே போக வேண்டாம்.

அரிசி என்ன செய்யும்?

அரிசியைப் பற்றி என் மாணவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கடையில் வாங்கும் அரிசியிலேயே எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நீர் உண்டு. அது கைப்பேசிக்குள் இருக்கும் நீரைத் தொடுவதும் இல்லை. உள்ளே உள்ள நீர் ஆவியாகி, சிறு துளைகள் வழியே வெளியே வர வேண்டும். அதற்குத் தேவை ஓடும் காற்று. டப்பாவுக்குள் காற்று ஓட வழியில்லை. அரிசித் தூளும் துளைக்குள் புகுந்துகொள்ளும். அரிசிப் பையில் போட வேண்டாம், சிறு துகள்கள் கைப்பேசியைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அரிசியோ மின்விசிறியோ நீரை மட்டுமே எடுக்கும், உப்பை எடுக்காது. நீர் ஆவியான பின் உப்பு பலகையிலேயே தங்கிவிடும். நம் ஜொகூரின் ஈரக் காற்றில் அந்த உப்பு மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அரிப்பு தொடரும். ‘காய்ந்து பிழைத்த’ கைப்பேசி சில வாரம் கழித்துத் திடீரென்று நின்றுபோவதற்கு இது ஒரு காரணம்.

முடி உலர்த்தும் கருவி, சூடான அடுப்பின் பக்கம், வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் ஆகியவையும் வேண்டாம். வெப்பம் பேட்டரியைக் கெடுக்கும். நீரைத் தடுக்கும் பசையையும் இளக்கும். குளிர்ப்பெட்டியும் கூடாது. வெளியே எடுத்ததும், குளிர்ந்த கண்ணாடிக் குவளையின் மேல் வியர்ப்பது போலக் கைப்பேசியும் வியர்க்கும்.

எச்சரிக்கை ஒன்று. பேட்டரி உப்பினாலோ, தொட்டால் சுட்டாலோ, இனிப்பான அல்லது காரமான வாடை வந்தாலோ, காப்பாற்றும் முயற்சியை அதோடு நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது. எரியக்கூடிய பொருள் இல்லாத இடத்தில் விட்டு விலகி, பெரியவர்களிடம் சொல்லுங்கள். கைப்பேசியைவிட உங்கள் கையும் கண்ணும் முக்கியம்.

“என்னுடையது ஐபி68, சார்!”

இப்படிச் சொல்லும் மாணவர்களும் உண்டு. ஐபி என்பது அனைத்துலகத் தர அளவு. முதல் எண் தூசிக்கு, இரண்டாம் எண் நீருக்கு. ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரை தாங்குவதாகச் சோதித்தது. ஐபி68-க்கு ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளர் குறிப்பிடுவார். இந்தச் சோதனைகள் ஆய்வுக்கூடத்தில், நல்ல நீரில், புதிய கைப்பேசியில் நடப்பவை. உங்கள் கைப்பேசி எத்தனை முறை கீழே விழுந்திருக்கிறது? திரை மாற்றியிருக்கிறீர்களா? நாளாக நாளாக ஓரத்துப் பசையும் தளரும். மழையில் நனைந்துகொண்டே மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகும் அப்பாவிடம், அந்த எண்ணை நம்பிக் கைப்பேசியைக் கைப்பிடியில் மாட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மழைக்காலத்துக்கு முன்

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். அதற்கு முன் இந்த நான்கையும் செய்துவிடுங்கள்.

- இறுக மூடும் பிளாஸ்டிக் பைகள் சிலவற்றை வாங்கி வையுங்கள்.
- குடும்பத்தாரின் எண்களைக் காகிதத்தில் எழுதி ஒரு பையில் போடுங்கள். அவசர எண் 999 உங்களுக்குத் தெரியும். அம்மாவின் எண் மனப்பாடமாகத் தெரியுமா?
- பவர் பேங்கை முழுமையாகச் சார்ஜ் செய்து இன்னொரு பையில் வையுங்கள்.
- படங்களையும் ஆவணங்களையும் இணையச் சேமிப்பிலோ வேறொரு கருவியிலோ ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

நான்காவதை அலட்சியம் செய்யாதீர்கள். என் மாணவனின் அம்மாவுடைய கைப்பேசியைக் கடையில் திறந்தபோது நானும் உடன் இருந்தேன். சார்ஜ் துளையின் அருகே பலகை முழுக்கப் பச்சைப் படிவு. கடைக்காரர் சுத்தம் செய்து பார்த்தார். உயிர் வரவில்லை. புதுக் கைப்பேசி பிறகு வாங்கினார்கள். ஆனால் அவனுடைய தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் அந்தக் கைப்பேசியில் மட்டும்தான் இருந்தன.

“அன்று இரவு சார்ஜரில் போடாமல் இருந்திருந்தால் படம் கிடைத்திருக்குமா, சார்?” என்று கேட்டான்.

கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று உண்மையைச் சொன்னேன். ஆனால் அம்மாவைக் குறை சொல்லாதே என்றும் சொன்னேன். வெள்ளத்தில் பிள்ளைகளைக் கரை சேர்த்தவர் அவர். மின்பகுப்பை அவருக்குச் சொல்லித் தர வேண்டியவர்கள், அதைப் பள்ளியில் படிக்கும் நாம்தான். இன்றே வீட்டில் சொல்லுங்கள்: நனைந்தால் அணை, அழுக்கை நீக்கு, உலர விடு, சார்ஜ் போடாதே.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. நனைந்த கைப்பேசியை உலர வைத்த பிறகும் அரிப்பு தொடர்வது ஏன்?
2. மேலே உள்ள கணக்கில் கசியும் மின்சாரம் 0.2 மில்லிஆம்பியர் என்றால், அந்தச் செம்புப் பாதை கரைய எவ்வளவு நேரம் ஆகும்?
3. ஒரே அளவுள்ள இரண்டு ஈரப் பஞ்சுகளில் ஒன்றை அரிசிக்குள்ளும் மற்றதை மின்விசிறியின் முன்னும் வைத்து, ஒவ்வொரு மணி நேரமும் எடை பாருங்கள். எது வேகமாக உலர்கிறது? மாறும் காரணி எது, மாறாமல் வைக்க வேண்டிய காரணிகள் எவை?

மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்.